புதுப்பிப்பு: பாத்திக் துணிக்கு வடிவம் கிடைத்துவிட்டது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பாத்திக் (மெழுகால் வரைந்து சாயமேற்றும் துணி) வரைகிறேன், புதிதாக எதுவும் தோன்றவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். சுற்றுப்புறத்தைப் பாருங்கள் என்றீர்கள். நல்ல யோசனை, நன்றி.

செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) நடுவே எஞ்சிய பால்மரங்களை, அதாவது ரப்பர் மரங்களை, விடியலில் பார்க்கப் போனேன். வெயில் ஏறுமுன் பட்டைக்குள் அழுத்தம் அதிகம். அப்போதுதான் பால் நன்றாக வடியும். இடமிருந்து வலமாக, ஏறத்தாழ 30 பாகையில் சரியும் வெட்டு. அதற்கு மேலே, முன்பு சீவிய இடமெல்லாம் புதுப்பட்டை வரிவரியாக மூடியிருக்கிறது. என்ன நேர்த்தி!

அந்த வரிகளைச் சாந்திங்கால் (உருகிய மெழுகை ஊற்றி வரையும் கருவி) மெழுகில் இழுத்தேன். மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாதல்லவா, கோடுகள் பால்வெள்ளையாகவே நின்றன. அந்தக் காலத்தில் மரம் சீவிய பாட்டியிடம் காட்டினேன். “சரிவு போதாதும்மா, பால் வெளியே வழிந்துவிடும்” என்றார். அவர் விரலால் காட்டிய கோணத்தில் மறுபடி வரைந்துகொண்டிருக்கிறேன்.