அறைக்கு 700 ரூபாய்தான் குறைந்தது, மொத்தத்தில் 7,000 குறைகிறதே! ரத்து செய்துவிட்டு மறுபடி எடுக்கலாமா?

பாலாற்றங்கரை (சத்துவாச்சாரி):

வணக்கம். மே கடைசி வாரம் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். நான், மனைவி, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகள். போர்ட் பிளேரில் இரண்டு இரவு, படகில் போகிற ஹேவ்லாக் தீவில் இரண்டு இரவு. எல்லாம் பிப்ரவரியிலேயே பதிவு செய்தாகிவிட்டது.

நேற்று மகள் சும்மா ஹேவ்லாக் ரிசார்ட்டின் விலையைத் திறந்து பார்த்தாள். நாங்கள் எடுத்தபோது அறைக்கு ஓர் இரவு 7,900 ரூபாய். இரண்டு அறை, இரண்டு இரவு, வரியோடு 37,288. இப்போது அதே அறை 7,200 என்று காட்டுகிறது. மொத்தம் 30,240. இரவுக்கு 700 என்றால் நான்கு தடவைக்கு 2,800தானே குறைய வேண்டும்? 7,048 எப்படிக் குறைகிறது? இதில் ஏதாவது வில்லங்கம் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

எங்கள் புக்கிங்கில் 'இலவச ரத்து' இருக்கிறது. விமான டிக்கெட்டும் ஆளுக்கு 850 ரூபாய் குறைந்திருப்பது போலத் தெரிகிறது. எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுக்கலாமா? "நாலு மாசம் முன்னாடியே எடுத்தாச்சு, நோண்டாதீங்க" என்கிறார் மனைவி.

கோட்டை அகழி:

வில்லங்கம் இல்லை சார், ஜிஎஸ்டி. ஓர் அறை ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் இப்படித்தான், அதற்கு முன் கீழ் வரி 12 ஆக இருந்தது. தாண்டிய தொகைக்கு மட்டும் 18 என்று நினைத்துவிடாதீர்கள், முழுத் தொகைக்கும் 18.

உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். 7,900க்கு வரி 1,422. 7,200க்கு வரி 360. வித்தியாசம் 1,062, நான்கு தடவைக்கு 4,248. இதோடு அந்த 2,800ஐச் சேருங்கள், 7,048 வந்துவிடும். 7,500ஐ ஒட்டி இருக்கும் அறைகளை மட்டும் அடிக்கடி திறந்து பார்ப்பது லாபம். நூறு இருநூறு ரூபாய் இறங்கினாலும் வரி சரிந்து விழும்.

காந்தி ரோடு லாட்ஜ்:

பாலாற்றங்கரை சார், ரத்து பட்டனைத் தொடுவதற்கு முன் ஒரு நிமிஷம். 7,200க்குக் காட்டுகிற அறையில் காலை உணவு உண்டா? இலவச ரத்து உண்டா? விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும், விரித்துப் பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம் பேசலாம்.

ஆம்பூர் பிரியாணி:

என்ன இது, நாலு ரூபாய் மிச்சம் பிடிக்க இவ்வளவு ஆராய்ச்சியா. அந்த நேரத்துக்கு ஓவர்டைம் பார்த்தால் ஏழாயிரம் வந்துவிடும்.

பாலாற்றங்கரை:

ஆம்பூர் நண்பரே, எங்கள் ஆபீஸில் ஓவர்டைம் கிடையாது. :)

காந்தி ரோடு சார், நல்ல வேளை கேட்டீர்கள். எங்கள் பழைய புக்கிங்கில் "காலை உணவு சேர்ந்தது, மே 20 இரவு 11:59 வரை இலவச ரத்து". புதிதாகக் காட்டுவதில் "அறை மட்டும்", அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் "பணம் திரும்பக் கிடைக்காது". மகள் இதைக் கவனிக்கவில்லை. அப்படியென்றால் விடச் சொல்கிறீர்களா?

காந்தி ரோடு லாட்ஜ்:

விடச் சொல்லவில்லை, இரண்டையும் ஒன்றாக வைத்து ஒப்பிடாதீர்கள் என்கிறேன். நான் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் வரவேற்பில் இருக்கிறேன், ஆன்லைன் விலை போடுவதும் என் வேலைதான். உள்ளே எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

ஒரே அறையை நாங்கள் மூன்று நான்கு விலையில் போடுவோம். உணவோடு ஒன்று, உணவில்லாமல் ஒன்று, ரத்து செய்ய முடிவது ஒன்று, முடியாதது ஒன்று. ரத்து செய்ய முடியாததுதான் எப்போதும் மலிவு. பணம் கைக்கு வந்துவிட்டது, இனி ஆள் வந்தாலும் வராவிட்டாலும் எங்களுக்கு நஷ்டம் இல்லை. தேடும்போது பட்டியலில் முன்னால் வந்து நிற்பதும் அதுதான்.

அடுத்து, விலை எப்போது இறங்கும்? இன்றிரவு காலியாகக் கிடந்த அறையை நாளைக்கு விற்க முடியாது. அதனால் தேதி நெருங்கியும் அறை நிறையவில்லை என்றால் இறக்குவோம், நிறைந்துகொண்டே வந்தால் ஏற்றுவோம். இலவச ரத்துக்குக் கெடு முடிகிற நாளை ஒட்டித்தான் நிறையக் கைமாறும். கல்கத்தாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்களில் சிலர், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு மூன்று லாட்ஜில் போட்டு வைத்திருப்பார்கள். கெடுவுக்கு முந்தின நாள் வேண்டாததை எல்லாம் ரத்து செய்வார்கள். மளமளவென்று அறைகள் திரும்பி வரும், அன்று சாயங்காலம் நான் விலையைக் குறைப்பேன். சுற்றுலா ஊரிலும் ஏறக்குறைய இதே கதையாகத்தான் இருக்கும். தினமும் பார்த்து மண்டை காய வேண்டாம். உங்கள் கெடு மே 20 என்றால் 18, 19 தேதிகளில் கட்டாயம் பாருங்கள், நடுவில் வாரத்துக்கு ஒரு தடவை போதும்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்று. மே மூன்றாவது வாரவாக்கில்தான் தென்மேற்குப் பருவமழை அந்தமானைத் தொடும். விலை இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும். கடல் கொந்தளித்தால் ஹேவ்லாக் படகையே நிறுத்திவிடுவார்கள். நீங்கள் போர்ட் பிளேரில் மாட்டிக்கொண்டால் 'பணம் திரும்பாத' அறைக்கு ரிசார்ட் பதில் சொல்லாது. ஆகவே மலிவு என்று அதில் விழாதீர்கள்.

நேராக ரிசார்ட்டுக்கே போன் போடுங்கள். "உணவோடு, ரத்து வசதியோடு, 7,500க்குள் வருமா" என்று கேளுங்கள். ஆன்லைன் தளத்துக்குக் கொடுக்கிற கமிஷன் மிச்சம் என்பதால் நேரில் கேட்டால் கொஞ்சம் இறங்குவார்கள். நாங்களும் இறங்குவோம்.

கோட்டை அகழி:

இதோடு ஒன்று: உணவைச் சேர்த்த விலை 7,500ஐத் தாண்டினால் மொத்தத்துக்கும் 18தான். 7,450 என்றால் பிழைத்தீர்கள், 7,550 என்றால் போச்சு. போனில் பேசும்போது வரியோடு மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள்.

ஆரணிப் பட்டு:

விமானத்துக்கு நான் சொல்கிறேன், டிக்கெட் போடுகிற தொழில்தான் எனக்கு. அண்ணா, அந்த 850 எத்தனை பேருக்குத் தேடியபோது வந்தது? ஒருவருக்குத் தேடினால் மிச்சம் இருக்கிற ஒரே ஒரு மலிவு சீட்டைக் காட்டும். நான்கு பேருக்குத் தேடினால், நான்கு சீட்டும் சேர்ந்து கிடைக்கிற அடுத்த விலைக்குத் தாவிவிடும். எப்போதும் போகிற ஆள் எண்ணிக்கையைப் போட்டே தேடுங்கள்.

அப்படியே 850 குறைந்திருந்தாலும் சாதாரண டிக்கெட்டில் ரத்துக் கட்டணம் ஓர் ஆளுக்கு ஒரு வழிக்கு மூவாயிரத்துக்கு மேல் போகும். தேதி மாற்றக் கட்டணமும் ஏறத்தாழ அதே அளவு. நஷ்டம்தான் வரும். ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் தாண்டக் கூடாது என்பது விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் விதி. அரசு வரியும் விமான நிலையக் கட்டணமும் எப்படியும் திரும்ப வந்தாக வேண்டும். ஆனால் உங்கள் கணக்குக்கு அது உதவாது.

விமானத்தில் பதிவு செய்த கையோடு ஒரு சின்ன வாய்ப்பு உண்டு. விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உள்நாட்டு டிக்கெட் எடுத்து, பயணத்துக்கு ஏழு நாளாவது இருந்தால், 48 மணி நேரத்துக்குள் கட்டணம் இல்லாமல் ரத்து செய்யலாம். எடுத்த கையோடு அடுத்த நாள் காலையில் ஒரு தடவை விலை பார்த்துவிடுங்கள். உங்களுக்கு அந்த நேரம் எப்போதோ போய்விட்டது. இனி நிறுவனமே விமான நேரத்தைப் பெரிதாக மாற்றினால்தான் உங்கள் கை ஓங்கும். அப்போது பெரும்பாலும் இலவசமாக மாற்றவோ முழுப் பணம் வாங்கவோ விடுவார்கள். அந்த மின்னஞ்சலைப் பார்க்காமல் 'சரி' அமுக்கிவிடாதீர்கள்.

குடியாத்தம் தீப்பெட்டி:

ரயிலுக்கும் இப்படிப் பார்க்கலாமா? காட்பாடியிலிருந்து டில்லி போகிறோம்.

ஆரணிப் பட்டு:

தேவையில்லை தம்பி. சாதாரண ரயிலில் 60 நாள் முன்பு எடுத்தாலும் முந்தின வாரம் எடுத்தாலும் கட்டணம் ஒன்றே. ராஜதானி, துரந்தோ, சதாப்தி மாதிரி ரயில்களில் சீட்டு நிறைய நிறைய விலை ஏறும், இறங்காது. சும்மா ரத்து செய்தால் ஸ்லீப்பரிலேயே ஆளுக்கு 120 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள்.

பாலாற்றங்கரை:

நான்கு பேருக்குத் தேடினால் விமானத்தில் குறைவது ஆளுக்கு வெறும் 200. அதை மூடிவிட்டேன். போர்ட் பிளேர் ஓட்டலில் விலை ஏறியிருக்கிறது, அதையும் தொடவில்லை.

ஹேவ்லாக் ரிசார்ட்டுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் முதலில் ஆன்லைன் விலையையே சொன்னார். ஏற்கனவே உங்களிடம்தான் பதிவு செய்திருக்கிறேன், உணவோடு 7,500க்குள் கொடுத்தால் நேராக எடுத்துக்கொள்கிறேன் என்றதும் மேலாளரிடம் கேட்டுவிட்டு 7,450 என்றார். வரியோடு மொத்தம் 31,290. மூன்று நாள் முன்பு வரை ரத்து செய்யலாம். 5,998 மிச்சம். பழையதை இப்போதே ரத்து செய்துவிடலாமா?

காந்தி ரோடு லாட்ஜ்:

அவசரப்படாதீர்கள். புது புக்கிங்கின் உறுதி மின்னஞ்சல் வரட்டும். தேதி, இரண்டு அறை, காலை உணவு, ரத்துக் கெடு நான்கும் எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். போனில் சொன்னது போதாது, வேலை மாறி வேறொருவர் வந்து உட்கார்ந்தால் 'எனக்குத் தெரியாது' என்பார். அது வந்த பிறகு பழையதை ரத்து செய்து, ரத்து எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முன்பணம் கட்டியிருந்தால் திரும்ப வரச் சில நாள் ஆகும், அதுவரை இரண்டு தொகையும் வெளியே நிற்கும். பழையதில் வங்கிக் கூப்பன் ஏதாவது போட்டிருந்தீர்களா? போட்டிருந்தால் அது போய்விடும், கழித்துக்கொள்ளுங்கள்.

பாலாற்றங்கரை:

கூப்பன் இல்லை. மின்னஞ்சல் வந்தது, ஆனால் அதில் காலை உணவு விட்டுப்போயிருந்தது. மறுபடி கேட்டுத் திருத்தி வாங்கினேன். பழையதை ரத்து செய்தாகிவிட்டது. மனைவி இப்போது சென்னை ஏர்போர்ட் டாக்சியையும் பார்க்கச் சொல்கிறார்!

காந்தி ரோடு லாட்ஜ்:

அதற்கு முன்கூட்டியே எதுவும் கட்டாதீர்கள். ஏர்போர்ட்டிலிருந்து நோயாளிகளை ஏற்றிவந்து இங்கே இறக்கிவிட்டு, காலியாகச் சென்னை திரும்புகிற வண்டிகள் எப்போதும் உண்டு. முந்தின நாள் சாயங்காலம் எங்கள் பக்கத்து டிரைவர்களிடம் ஒரு வழிக்கு மட்டும் விலை கேளுங்கள். டோல் சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.