கருநிறக் காரில் உப்புக் கறை: மாற்ற வேண்டியது நீரையா, கழுவும் முறையையா?

கேள்வி:

வணக்கம். என்னுடைய கார் கருநீல நிறம். வாரம் ஒரு முறை ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொண்டு வீட்டு வாசலில் நானே கழுவுகிறேன். கழுவி முடித்த கையோடு பளிச்சென்று இருக்கும் கார், அரை மணி நேரத்திற்குள் பானெட்டிலும் கூரையிலும் வட்டவட்டமாக வெள்ளைத் திட்டுகள் பூத்து, கழுவாமலே விட்டிருக்கலாம் என்று எண்ணும்படி ஆகிவிடுகிறது. நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்ததில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 420 மில்லிகிராம் என்று வந்தது. ஷாம்பூவை இரு மடங்காக்கிப் பார்த்தேன். நுரை கூடியதே தவிர, திட்டுகள் குறையவில்லை. வீடு முழுவதற்குமான மென்னீராக்கி ஒன்றைப் பொருத்தினால் இது தீருமா? ஆர்.ஓ. கருவியின் கழிவு நீரை வாளியில் சேர்த்து வைக்கிறேன். அதைக் கடைசி அலசலுக்குப் பயன்படுத்தலாமா?

மறுமொழி 1:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆர்.ஓ. கழிவு நீரைக் கடைசி அலசலுக்கு ஊற்றாதீர்கள். சவ்வு தடுத்து நிறுத்திய உப்பெல்லாம் அந்த நீரில்தான் சேர்கிறது. உள்ளே போகும் நீர் பாதிக்குப் பாதி பிரிந்தால் கழிவின் கடினத்தன்மை ஏறக்குறைய இரு மடங்காகும். நான்கில் ஒரு பங்கு மட்டுமே நல்ல நீராக வெளிவரும் கருவியில்கூட உங்கள் 420 என்பது 560 அளவுக்கு ஏறிவிடும். சக்கரத்திலும் அடிப்பாகத்திலும் ஒட்டிய சேற்றை ஊறவைக்க அந்த நீர் தாராளமாக உதவும்.

லிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினாலே மிகக் கடின நீர் என்று வகைப்படுத்துவது வழக்கம். ஆனால் அந்த நீர் காரின் மேல் ஓடிக்கொண்டிருக்கும் வரை எந்தக் கெடுதலும் செய்வதில்லை என்பதைக் கவனியுங்கள். நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், துளி வற்றும்போது கார்பன் டை ஆக்சைடை இழந்து, நீரில் எளிதில் கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. துளியின் விளிம்பு முதலில் காய்வதால்தான் கறை பொட்டாக இல்லாமல் வளையமாகத் தெரிகிறது. ஆகவே கறையின் அளவைத் தீர்மானிப்பது நீங்கள் எத்தனை வாளி ஊற்றினீர்கள் என்பதன்று. எவ்வளவு நீரைக் காரின் மேலேயே வற்ற விட்டீர்கள் என்பதுதான். கழுவி முடித்தபின் கால் லிட்டர் நீர் மேலே தங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அதில் சுமார் 105 மில்லிகிராம் படியக்கூடிய உப்பு இருக்கும். அந்த நீரில் பத்தில் ஒன்பது பங்கைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் எஞ்சுவது 10 மில்லிகிராமை ஒட்டித்தான். மென்னீராக்கி எதுவும் இல்லாமலே கிடைக்கிற பலன் இது.

எனவே வெயில் ஏறுவதற்கு முன்போ சாய்ந்த பின்போ, பானெட் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது நிழலில் கழுவுங்கள். கூரையில் தொடங்கிக் கீழே இறங்குங்கள். ஒரு பகுதிக்கு ஷாம்பூ போட்டதும் அதை உடனே அலசிவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். ஏற்கெனவே அலசிய பகுதி காயத் தொடங்கினால் மீண்டும் நனைத்துக்கொள்ளுங்கள். கடைசி அலசலின்போது குழாயின் முனையிலுள்ள தெளிப்பானைக் கழற்றிவிட்டு, நீரை மெதுவாகத் தகடுபோல வழியவிட்டால், துளிகளாகச் சிதறாமல் பெரும்பாலான நீர் தானாகவே இறங்கிவிடும். பிறகு கெட்டியான மைக்ரோஃபைபர் துணியை விரித்துப் போட்டு இழுங்கள்.

ஷாம்பூவைக் கூட்டுவதில் பயனில்லை. சோப்புதான் கால்சியத்துடன் சேர்ந்து பிசுக்காகப் படியும்; கார் ஷாம்பூ பெரும்பாலும் செயற்கைச் சலவைப்பொருள் என்பதால், கடின நீரில் நுரை சற்றுக் குறைந்தாலும் அழுக்கை எடுத்துவிடும். மெழுகோ செராமிக் பூச்சோ போட்டால் கறையே வராது என்று சொல்பவர்களையும் நம்பிவிடாதீர்கள். அவை நீரை உருண்டை உருண்டையாகத் திரட்டி நிறுத்துகின்றன. அப்படியே காயவிட்டால் ஒவ்வோர் உருண்டையும் தன் உப்பு முழுவதையும் ஒரே இடத்தில் இறக்கி வைக்கும்.

மறுமொழி 2:

மென்னீராக்கியை வாங்குவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. அது உப்பை நீக்குவதில்லை. கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை விடுகிறது. நான் பொருத்திய புதிதில் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்து, எண் குறையவே இல்லையே என்று பொருத்தியவரிடம் சண்டைக்கே போய்விட்டேன். மீட்டர் பொய் சொல்லவில்லை. அது கரைந்துள்ள மொத்த உப்பை அளக்கிறதே ஒழியக் கடினத்தன்மையை அளப்பதில்லை. அந்த நீர் காய்ந்தாலும் கறை வருகிறது. ஆனால் சோடிய உப்புகள் நீரில் கரைபவை என்பதால் ஈரத்துணி பட்டவுடன் போய்விடுகின்றன. குளியலறைக்கும் துவைக்கும் இயந்திரத்திற்கும் தேவையென்றால் வாங்குங்கள். காருக்காக மட்டும் என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்குப் பதிலாக, ஆர்.ஓ. கருவியின் நல்ல நீரில் 5 அல்லது 6 லிட்டரை எடுத்து, கையால் அழுத்தும் தெளிப்பானில் நிரப்பி, முன்னவர் சொன்ன முறையில் கிணற்று நீர் வழிந்தபின் மேலிருந்து கீழாகத் தெளியுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரும் தாது உப்பு ஏறக்குறைய இல்லாதது; தூசி இருக்கும் என்பதால் துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. இனிமேல் வரும் கறைக்கு வழி தெரிந்துவிட்டது. பல மாதங்களாகப் படிந்துள்ள பழைய திட்டுகளை என்ன செய்வது? கழிப்பறை கழுவும் ஆசிட்டை நீர்க்கச் செய்து தடவலாம் என்று ஒருவர் சொன்னார். முன்பக்கக் கண்ணாடியிலும் மங்கலாக இருக்கிறது.

மறுமொழி 3:

அந்த ஆசிட்டை மட்டும் தொடாதீர்கள். அதில் பெரும்பாலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கறையைக் கரைக்கும் வேகத்திலேயே குரோம் பூச்சையும் அலுமினியச் சக்கரத்தையும் அரித்துவிடும். சமையலுக்கான வெள்ளை வினிகரில் சுமார் 5 விழுக்காடு அசிட்டிக் அமிலம் இருக்கிறது. அதனுடன் அதே அளவு ஆர்.ஓ. நீரைக் கலந்து, துணியை நனைத்து, குளிர்ந்த பகுதியில் திட்டின் மேல் ஒரு நிமிடம் போட்டு வையுங்கள். கால்சியம் கார்பனேட் கரைந்து கால்சியம் அசிட்டேட் ஆகிவிடும். உடனே ஷாம்பூ நீரால் கழுவிவிடுங்கள். அந்த இடத்தில் மெழுகு இருந்தால் அதுவும் பலவீனப்படும் என்பதால் புதிதாகப் போட வேண்டிவரும். முதலில் கண்ணில் படாத ஓரிடத்தில் சோதித்துப் பாருங்கள்.

வினிகருக்குப் பிறகும் வளையம் தெரிந்து, அந்த இடம் விரலுக்கு வழவழப்பாகவே இருந்தால், உப்பு போய்விட்டது, பெயின்டின் மேல்பூச்சில் அதன் தடம் பதிந்துவிட்டது என்று பொருள். அதற்கு பாலிஷ்தான் வழி. கண்ணாடியில் அமிலத்திற்கு அசையாத மங்கல் இருந்தால் அது சிலிக்காவாக இருக்கலாம். சீரியம் ஆக்சைடு கலந்த கண்ணாடி பாலிஷைப் பொறுமையாகத் தேய்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் சொன்னபடியே செய்தேன். பானெட்டில் ஒரு திட்டுகூட இல்லை. பழையவற்றில் பெரும்பாலானவை வினிகருக்கே போய்விட்டன, கூரையில் ஏழெட்டு வளையங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. ஆனால் பக்கக் கண்ணாடிகளின் அடியிலிருந்தும் கதவுக் கைப்பிடிகளிலிருந்தும் பிறகு நீர் வடிந்து, கோடுகோடாகக் காய்ந்துவிட்டது.

மறுமொழி 1:

அந்த இடுக்குகளில் தங்கும் நீர் துணிக்கு எட்டாது. ஒருமுறை துடைத்ததும் தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள். கதவுகளையும் டிக்கியையும் திறந்து மூடினால் மிச்சமும் வெளியே வரும். அதைக் காயும் முன் இன்னொரு துணியால் ஒற்றிவிடுங்கள்.