நூலகத்து நீள மேசை யாருக்கு?

காக்ஸ்டவுன் அம்மா:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பெங்களூரில் எங்கள் பகுதி நூலகத்தில் சனிக்கிழமை காலையில் அறுபது தாண்டியவர்களுக்கு வகுப்பு நடக்கிறதாம், அதற்காகப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளை நீள மேசையை விட்டு எழுப்புகிறார்களாம், "வயசான காலத்தில் எதற்குப் படிப்பு, வீட்டில் பேரனைக் கேட்டால் போதாதா" என்று ஒரு கேள்வி வேறு. அந்த வகுப்பில் உட்காருகிறவள் நான். அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.

முதலில் கன்னட எழுத்து, அப்புறம் போன். நான் இந்த ஊரில் பிறந்து, இங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கன்னடம் சரளமாகப் பேசுவேன். ஆனால் பஸ் பலகையைப் படிக்கப் பக்கத்தில் நிற்பவரைத்தான் கேட்க வேண்டும். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் என்னைப் போல எத்தனையோ பேர். போன வாரம் 'த' வரிசை நடந்தது. அதில் 'ದ' என்கிற மெல்லிய ஒலிக்கும் 'ಧ' என்கிற அழுத்த ஒலிக்கும் எழுத்தின் அடியில் ஒரு சின்னக் கோடுதான் வித்தியாசம். அது கண்ணுக்குப் பிடிபடவே பாதி வகுப்பு போய்விட்டது. பேரன் இவ்வளவு பொறுமையாகச் சொல்லித் தருவானா? போனை நீட்டினால் அவனே நாலு தட்டு தட்டித் திருப்பிக் கொடுத்துவிடுகிறான்.

மடிவாளா மாணவன்:
எழுதியவன் நான்தான். ஒரு வரியையும் மாற்ற மாட்டேன். வாடகை வீட்டில் ஒரே அறையில் நாலு பேர் இருக்கிறோம். கர்நாடக ஆட்சிப் பணிக்கான கேஏஎஸ் தேர்வுக்குப் படிக்கிறேன். விஜயநகர் பக்கம் இருக்கிற தனியார் படிப்பகங்களுக்கு மாதாமாதம் கட்ட என்னிடம் காசு இல்லை. நூலகத்தில் மின்விசிறி ஒழுங்காக ஓடுவது அந்த நீள மேசைக்கு மேலேதான், பிளக் பாயின்ட்டும் அங்கேதான். கதவு திறக்கும் முன்பே வந்து நின்று பிடித்த இடம். நடுவில் வந்து எழுந்திரு என்றால் எப்படி?

ராமமூர்த்திநகர் வீட்டுக்காரர்:
தம்பி, அந்த மேசை யார் காசு? 1965ஆம் ஆண்டு கர்நாடகப் பொது நூலகச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், வரிக்கு மேல் 6 சதவீதம் நூலக செஸ், அதாவது நூலகத்துக்கென்று கூடுதல் வரி. வீடு கட்டி வருஷா வருஷம் கட்டுகிறவர்கள் நாங்கள். வாரத்தில் ஒரு காலை அந்த மேசையில் உட்கார எங்களுக்கு உரிமை இல்லையா?

மடிவாளா மாணவன்:
வாடகைக்கு இருப்பவன் கட்டவில்லையா? வரியையும் சேர்த்துத்தானே வாடகை போடுகிறீர்கள்? பத்து மாத அட்வான்ஸும் வாங்கிக்கொண்டு, மேசையும் உங்களுக்கேவா?

ராமமூர்த்திநகர் வீட்டுக்காரர்:
மேசையைப் பற்றிப் பேசினால் அட்வான்ஸ் எங்கிருந்து வந்தது? வீட்டைப் பாழாக்கிவிட்டுப் போகிறவர்கள் இருப்பதால்தான் அட்வான்ஸ்.

கரோல்பாக் பிள்ளை:
டெல்லியில் வளர்ந்து இங்கே குடியேறியவன் நான். பழைய டெல்லி ரயில் நிலையத்துக்கு எதிரே யுனெஸ்கோ உதவியோடு 1951இல் டெல்லிப் பொது நூலகம் வந்தது. நேரு திறந்து வைத்தார். புதிதாக எழுத்துப் படித்த பெரியவர்களுக்கென்றே தனிப் புத்தகங்கள், சொற்பொழிவு, கலந்துரையாடல், படம் காட்டுவது எல்லாம் அங்கே அப்போதே நடந்தன. நூலகத்தில் பெரியவர்கள் படிப்பது இன்று முளைத்த விஷயமில்லை.

மடிவாளா மாணவன்:
டெல்லியில் இடம் இருந்தது, நடத்தினார்கள். இங்கே இருப்பது ஒரே ஒரு நீள மேசை. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நூலகவியல் முன்னோடி ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் முதல் விதியே 'நூல்கள் பயன்படுத்துவதற்கே' என்பதுதான். நூல் என்றார், போன் என்று சொல்லவில்லை.

காக்ஸ்டவுன் அம்மா:
ரங்கநாதனை என்னிடம் சொல்கிறீர்களா? சீர்காழியில் பிறந்தவர், 1962இல் இதே பெங்களூரில் ஆவண ஆராய்ச்சி மையம் தொடங்கியவர், 1972இல் இங்கேயே காலமானவர். முன்னொரு காலத்தில் ஐரோப்பாவில் புத்தகத்தைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்தார்கள். அப்படிப் பூட்டி வைக்காதே என்பதற்காகச் சொன்ன விதி அது. அதை வைத்துக் கிழவியை வெளியே தள்ளப் பார்க்கிறீர்கள். ஐந்தாவது விதியையும் படியுங்கள், நூலகம் வளரும் உயிர் என்கிறார். நீங்களும் நீள மேசையில் லேப்டாப்பும் சொந்தப் புத்தகமும்தானே வைத்திருக்கிறீர்கள்? நூலகத்துப் புத்தகம் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் போன். எங்கள் வகுப்பில் ஒரு அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. ஒவ்வொரு நவம்பரும் ஓய்வூதியத்துக்கான ஆயுள் சான்றுக்காக ஆட்டோ வைத்து பேங்க் படி ஏறுவார். 2021இலிருந்து முகத்தைக் காட்டி போனிலேயே கொடுக்கலாம். அதைச் சொல்லித் தர ஆளில்லாமல் இத்தனை வருஷம் படி ஏறியிருக்கிறார். இப்போது அந்த மேசையில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, வெளிச்சம் பார்த்து முகத்தைப் பிடிக்கப் பழகுகிறார். இதற்கு இடம் இல்லையென்றால் அந்த நூலகம் யாருக்கு?

சிவாஜிநகர் தமிழன்:
கன்னடம் சரி, தமிழ் வகுப்பு எங்கே? எங்கள் தெருவில் தமிழ் பேசுகிற பாதிப் பிள்ளைகளுக்கு அதை எழுதத் தெரியாது. அதைக் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. கப்பன் பூங்கா நூலகக் கட்டடமே தமிழரான சேஷாத்ரி ஐயர் பெயரில்தான் நிற்கிறது.

காக்ஸ்டவுன் அம்மா:
பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டுமென்றால் அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, போய்க் கேளுங்கள். இது பெரியவர்கள் வகுப்பு. சேஷாத்ரி ஐயர் மைசூர் திவானாக இருந்தவர், அவர் பெயரைச் சொல்லி இந்த ஊரில் கன்னடம் படிக்க வருகிறவளைத் தடுக்காதீர்கள்.

சிவாஜிநகர் தமிழன்:
நான் தடுக்கவே இல்லை. தமிழைக் கேட்டாலே உங்களுக்குக் கோபம் வருகிறது.

மடிவாளா மாணவன்:
எல்லாம் பேசுகிறீர்கள், மேசையைத் தவிர. பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வராந்தாவில் நடத்தலாமே?

காக்ஸ்டவுன் அம்மா:
எழுதிப் பழகுகிறவர்களுக்கு மேசை வேண்டாமா? மடியில் நோட்டை வைத்துக்கொண்டு நீங்கள் வராந்தாவில் படிப்பீர்களா? பெரியவர்கள் என்றால் வராந்தா என்று யார் முடிவு செய்தது?

கரோல்பாக் பிள்ளை:
மாநகராட்சி செஸ் பாக்கியை நூலகத் துறைக்கு ஒழுங்காகக் கொடுத்தாலே இரண்டாவது மேசை வந்துவிடும். பாக்கி பற்றிப் பத்திரிகையில் எத்தனை தடவை வந்துவிட்டது. எல்லோரும் சேர்ந்து மனு கொடுப்போமா?

ராமமூர்த்திநகர் வீட்டுக்காரர்:
நான் கட்டியாயிற்று. மனுவை வாடகைக்காரர்கள் கொடுக்கட்டும்.

மடிவாளா மாணவன்:
காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிறீர்களே, அதிலேயே நாலு மேசை வாங்கலாம். சனிக்கிழமை வழக்கம் போல வருவேன், அந்த மேசையில்தான் உட்காருவேன்.

காக்ஸ்டவுன் அம்மா:
வாருங்கள். பத்தரைக்கே நான் அங்கே இருப்பேன். இந்த வாரம் ஒத்தெழுத்து, அதாவது ஒரு எழுத்தின் அடியில் இன்னொன்றைச் சேர்த்து எழுதுவது நடக்கிறது, மேசை இல்லாமல் எழுத வராது.

ராமமூர்த்திநகர் வீட்டுக்காரர்:
பெயின்ட் விலை என்ன தெரியுமா தம்பி? ஒரு மாத வாடகை கூலிக்கே போதாது.