கயோட்டிக்கு எந்த சோக்? ஃபுல்லா, மாடிஃபைடா?

பட்டிக்காரன்: டெக்சாஸில் ஆடு வளர்க்கிறேன். குட்டி ஈனும் காலம் என்பதால் நரி மாதிரியான கயோட்டிகள் வேலியையே சுற்றுகின்றன. கையில் 12 கேஜ் ஷாட்கன் இருக்கிறது. குழலின் வாயைக் குறுக்கி ரவைகளை நெருக்கமாகப் போகவைக்கும் சோக்கில் மாடிஃபைட் (நடுத்தரம்), ஃபுல் (இறுக்கம்) என இரண்டும் உண்டு. இன்னும் இறுக்கமான எக்ஸ்ட்ரா ஃபுல் சோக்கும், பெரிய ரவைகள் கொண்ட டபுள் ஆட் பக்‌ஷாட்டும் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

நெடுந்தூரம்: தாராளமாக வாங்குங்கள். முயலின் அலறலை ஒலிபரப்பினால் கயோட்டி வரும். ஆனால் நேராக வராது. மோப்பம் பிடிக்க வட்டமடித்து, ஐம்பது கஜத்திலேயே நின்றுவிடும். அவ்வளவு தூரத்துக்கு ரவைகள் சிதறாமல் போக வேண்டுமென்றால் சோக் இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும். எக்ஸ்ட்ரா ஃபுல் இல்லாமல் நான் காட்டுப் பக்கமே போவதில்லை.

காகிதப்புலி: நெடுந்தூரம் ஐயா, பறவைக்குச் சுடும் பொடி ரவைக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். பக்‌ஷாட்டின் கணக்கே வேறு. 12 கேஜ் குழலின் உள்விட்டம் 0.729 அங்குலம். ஃபுல் சோக் அதில் சுமார் 0.035 அங்குலத்தைக் குறைக்கும், மிஞ்சுவது 0.694. டபுள் ஆட் ரவை ஒவ்வொன்றும் 0.33 அங்குலம். மூன்றை ஒரே அடுக்கில் முக்கோணமாக வைத்தால் 0.711 அங்குல வாய் வேண்டும். தோட்டாவுக்குள் ரவைகளை ஏந்திச் செல்லும் பிளாஸ்டிக் கிண்ணமான வாடின் சுவர் தடிமனை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. இடம் போதாவிட்டால் ஈயம் நசுங்கும். ஒரு பக்கம் தட்டையான ரவை தன் போக்கில் விலகிப் போகும்.

நெடுந்தூரம்: ரவைகள் செங்கல் போல அடுக்கிலேயே நிற்குமா? நகர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிப் போய்விடும். செம்பு பூசி, இடையில் பிளாஸ்டிக் தூள் நிரப்பிய தோட்டா என் சோக்கில் அருமையாகப் போகிறது. ஃபுல்லைக் குறை சொல்பவர்கள் மலிவான தோட்டா போடுபவர்கள்.

காகிதப்புலி: அப்படியானால் வேலை செய்தது தோட்டாவா, சோக்கா? வாடின் பின்புறம் மடல் விரிந்து ரவைகளைச் சற்றுத் தூரம் பிடித்துச் செல்லும் தோட்டாக்களும் இருக்கின்றன. அவற்றில் சில சோக் இல்லாத திறந்த குழலிலேயே நெருக்கமாக அடிக்கும்.

பட்டிக்காரன்: டபுள் ஆட்டை விடச் சிறிய ரவையான நம்பர் 4 பக் போடலாமா? மூன்று அங்குலத் தோட்டாவில் 41 ரவை இருக்கிறதே!

நெடுந்தூரம்: எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள், தம்பி. அதில் ஒரு ரவையின் எடை சுமார் 20 கிரெயின் (1.3 கிராம்). டபுள் ஆட்டில் 54. சிறியது சீக்கிரம் வேகம் இழந்து தோலோடு நின்றுவிடும். கயோட்டி காயத்தோடு ஓடி, புதரில் கிடந்து சாகும்.

காகிதப்புலி: இதில் பாதி உண்மை. ஐம்பது கஜத்தில் நம்பர் 4-ஐ நானும் நம்பமாட்டேன். ஆனால் முப்பது, முப்பத்தைந்து கஜத்துக்குள் ஒல்லியான கயோட்டிக்கு அது போதும். டபுள் ஆட்டில் இருப்பதே 15 ரவை. பரவினால் நடுவில் கயோட்டி நுழையும் அளவுக்கு ஓட்டை விழும்.

மேற்குக்கரை: கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயமே கூடாது. உங்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. இருந்தாலும், என்றாவது எஃகு பக்‌ஷாட் வாங்கினால் எக்ஸ்ட்ரா ஃபுல்லில் போடாதீர்கள். எஃகு நசுங்காது, சோக்கும் குழலும்தான் கெடும். சோக்கில் எதற்கு அனுமதி என்று பொறித்திருப்பார்கள், படியுங்கள்.

காகிதப்புலி: பட்டிக்காரரே, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நாலடி அகலக் காகிதத்தில் கயோட்டியின் உருவத்தைக் கோட்டால் வரைந்து, மார்பில் எட்டு அங்குல வட்டம் போடுங்கள். துப்பாக்கியை மணல்மூட்டையில் ஊன்றி 20, 30, 40 கஜங்களில் சுடுங்கள். தூரத்துக்கு மூன்று தோட்டாவாவது வேண்டும். ஒவ்வொன்றுக்கும் புதுக் காகிதம். முதலில் பரவலின் நடுவே நீங்கள் குறிவைத்த இடத்தில் விழுகிறதா பாருங்கள்; இடமோ வலமோ தள்ளி அடிக்கும் குழல்கள் நிறைய. கிட்டத்தில் பெரிய கிழிசல் இருந்தால் அது வாடு; ரவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வட்டத்துக்குள் நான்கைந்து ரவை தவறாமல் விழும் தூரம்தான் உங்கள் எல்லை. இரண்டு சோக்கிலும் பாருங்கள்.

நெடுந்தூரம்: எக்ஸ்ட்ரா ஃபுல்லை இரவல் வாங்கி அதே காகிதத்துக்கு விடுங்கள். எதிலும் அடிக்காமல் தீர்ப்பு எழுதுகிறார் இவர்.

காகிதப்புலி: தாராளமாக. மூன்று சோக்கின் காகிதங்களையும் இங்கே போடட்டும். விலகிய ரவை வெகுதூரம் போகும். பின்னால் மண்மேடு இருக்கட்டும். பட்டி எந்தப் பக்கம்?

பட்டிக்காரன்: கிழக்கே. மேற்குக் கரைமேட்டைப் பார்த்துச் சுடுகிறேன். இரவல் சோக் கிடைத்தால் மூன்றும், இல்லாவிட்டால் இரண்டு.