சுவர் ஓவிய எல்.இ.டி. பட்டை: 470 ஓம் எந்த முனையில்?

சாலிடர்சாமி
"மூன்றே கம்பியில் மின்னும் சுவர்" என்று இங்க உறுப்பினர் ஒளிக்கீற்று போட்டிருக்கிற செய்முறையைப் பார்த்துட்டு எரிச்சல் அடங்காமத்தான் இதைத் தொடங்குறேன். அதுல இருக்கிற வரி அப்படியே: "5 மீட்டர் டபிள்யூஎஸ்2812பி பட்டை, ஒரு இஎஸ்பி32, ஒரு 5 வோல்ட் சப்ளை. ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாம் பழைய காலத்துப் பயம்."

பயமாம்! அந்தப் பட்டையில ஒவ்வொரு எல்.இ.டி.யும் தனியா நிறம் மாறுற ஒரு பிக்சல். இஎஸ்பி32-ங்கிறது அதுக்கு டேட்டா அனுப்புற சின்ன கன்ட்ரோலர் போர்டு. மீட்டருக்கு 60 வீதம் 300 பிக்சல். டேட்டா ஒண்ணுலேர்ந்து அடுத்ததுக்குக் கைமாறித்தான் போகுது. முதல் பிக்சலோட நுழைவு போச்சுன்னா மீதி 299-ம் இருட்டு. ஓவியத்துக்குப் பின்னால ஒட்டி, மேல அக்ரிலிக்கும் பூட்டின பிறகு அந்த ஒரு பிக்சலை மாத்த முழுசையும் பிரிக்கணும். டேட்டா கம்பியில 470 ஓம் ரெசிஸ்டர், முதல் பிக்சலை ஒட்டி, பட்டை முனையில. 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 6.3 வோல்ட் அல்லது அதுக்கு மேல. இதை விட்டுட்டு எழுதுற செய்முறைக்கு அரை விலைகூடக் கிடையாது.

ஒளிக்கீற்று
படித்தவர்கள் அனைவருக்கும் அந்தச் சுவர் எரிகிறது, சாமி அவர்களே. உங்களுக்கு மட்டும் எரிச்சல்.

எல்.இ.டி. தெருக்கலை ரெசிஸ்டர் இல்லாமலும் நடந்திருக்கிறது. 2006-இல் கிராஃபிட்டி ரிசர்ச் லேப் என்ற கலைக்குழு வெளியிட்ட எறிவிளக்கில் என்ன இருந்தது? 10 மில்லிமீட்டர் எல்.இ.டி., ஒரு சிஆர்2032 பட்டன் செல், ஒரு காந்தம், சுற்ற டேப். வீசினால் இரும்பில் ஒட்டிக்கொண்டு எரிந்தது. ரெசிஸ்டர் எங்கே?

ஓம்காரன்
இரண்டு பேருமே தவறு. வரிசையாகச் சொல்கிறேன்.

எறிவிளக்கில் ரெசிஸ்டர் இருந்தது. அது செல்லுக்குள் இருந்தது. சிஆர்2032-இன் உள்தடை 10 ஓமுக்கு மேல். செல் தீரத் தீர இன்னும் ஏறும். அதுதான் மின்னோட்டத்தை அடக்கியது. அந்த எல்.இ.டி.யை இரண்டு பென்சில் செல்லோடு இணைத்தால் கதை வேறு. மேலும் அது மின்னோட்டம் பற்றிய விஷயம். டபிள்யூஎஸ்2812பி-இன் டேட்டா கம்பியில் ஓடுவது 800 கிலோஹெர்ட்ஸ் சிக்னல். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

அடுத்து சாமி. 470 ஓம் என்று சொன்னீர்கள், சரி. வைத்த இடம் தவறு. கன்ட்ரோலர் முனையில்தான் வைக்க வேண்டும். சிக்னல் ஒரு மீட்டர் கம்பியைக் கடக்க ஏறத்தாழ 5 நானோசெகண்ட் ஆகும். மறுமுனையில் பிக்சலின் நுழைவு மிக உயர் தடை. எனவே போன அலை அப்படியே திரும்பி வரும். திரும்பி வரும் அலையை விழுங்க, கிளம்பிய இடத்தில் தடை இருக்க வேண்டும். அந்தத் தடையில் பாதி, கம்பியில் பாதி என்று மின்னழுத்தம் பிரிந்து, எதிரொலி வந்து சேரும்போது முழு அளவை எட்டும். இப்படி எதிரொலியை அடக்க வைக்கும் தொடர் முடிவுத்தடை என்றால் மூலத்தில், அதாவது சிக்னல் கிளம்பும் முனையில்தான். பாடப்புத்தகத்தின் முதல் பக்கம் இது.

மூணாம்_கம்பி
வணக்கம். எனக்கு கன்ட்ரோலர் பெட்டி பட்டையிலிருந்து 3 மீட்டர் தள்ளி, சப்ளை 5 மீட்டர் தள்ளி. 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போதுமா?

சாலிடர்சாமி
ஓம்காரன் சார், பாடப்புத்தகத்தை மூடிட்டு நியோபிக்சல் வழிகாட்டியைத் திறங்க. இந்த மாதிரிப் பட்டையை நியோபிக்சல்ங்கிற பேர்ல விக்கிற அடாஃப்ரூட் கம்பெனி தெளிவா எழுதியிருக்கு: 300 முதல் 500 ஓம், கம்பியோட பிக்சல் பக்க முனையில. கன்ட்ரோலர் பக்கம் இல்லைன்னு பிரிச்சே சொல்லியிருக்கு. விக்கிறவங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு?

ஓம்காரன்
விற்பவர் சொன்னால் அலை திரும்பாமல் நின்றுவிடுமா? மூலத்தில்தான்.

தமிழ்மின்னி
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். "தடை வைக்க வேண்டும்" என்று ஓம்காரன் எழுதுகிறார். மின்தடை என்பது பண்பு. பொருளின் பெயர் மின்தடையம். பொதுமக்கள் மின்தடை என்று படித்தால் கரண்ட் போனதாக நினைப்பார்கள். தொழில்நுட்பம் எழுதுகிறவர்களே இப்படிக் குழப்பலாமா?

ஓம்காரன்
சூழலில் பொருள் விளங்கும். இங்கே கரண்ட் போனதைப் பற்றி யாரும் பேசவில்லை.

தமிழ்மின்னி
எறும்பு, யானை இரண்டையும் "விலங்கு" என்று எழுதினாலும் சூழலில் விளங்கும். கெப்பாசிட்டருக்கு மின்தேக்கி என்று அழகான சொல் இருக்கிறது, அதையும் ஒருவரும் தொடவில்லை. போன மாத ஆண்டெனா இழையிலும் இதே கதைதான். சொல்லிச் சொல்லி ஓய்ந்தேன்.

வண்ணப்புட்டி
ஓமும் எறும்பும் இருக்கட்டும். சுவரைப் பற்றி ஒருவராவது பேசினீர்களா? ஒளிக்கீற்று படத்தில் பட்டையின் புள்ளிகள் தனித்தனியாக அம்மைத் தழும்பு மாதிரித் தெரிகின்றன. மீட்டருக்கு 60 என்றால் புள்ளிக்குப் புள்ளி 16.7 மில்லிமீட்டர். பால் அக்ரிலிக்குக்கும் பட்டைக்கும் குறைந்தது அந்த இடைவெளி வேண்டும். 25 மில்லிமீட்டர் விட்டால் ஒரே ஒளிக்கோடாகும். 30 பிக்சல் பட்டைக்கு இதை இரட்டிப்பாக்குங்கள். ஆழம் இல்லாத பெட்டியில் 60 போடுவதைவிட 144 போடலாம், ஆனால் மின்சாரம் தின்னும்.

இன்னொன்று. சிவப்புப் பூச்சின் மேல் நீல ஒளி விழுந்தால் அந்த இடம் கருத்துப்போகும். எந்த நிறம் எந்த இடத்தில் விழப்போகிறது என்று தெரியாமல் "ஓவியம் உயிர் பெறும்" என்று எழுதுவது ஓவியத்துக்குச் செய்யும் அவமரியாதை. முதலில் வெள்ளைப் பூச்சில் ஒளி, பிறகுதான் நிறம்.

ஒளிக்கீற்று
வண்ணப்புட்டி அம்மா, படம் செல்போனில் எடுத்தது. நேரில் புள்ளி தெரியாது. அக்ரிலிக்கை சிலிக்கானில் ஒட்டி மூடியிருக்கிறேன், மழையும் புகாது.

வண்ணப்புட்டி
எந்த சிலிக்கான்? ஒட்டும்போது காடி வாடை வந்ததா? வந்திருந்தால் அது அசிட்டிக் வகை. காயும்போது அசிட்டிக் அமிலம் விடும். பட்டையின் செம்பு முனைகள் பச்சை பிடிக்கும். நியூட்ரல் க்யூர் என்று குழாயில் எழுதியிருக்க வேண்டும். பட்டைக்குப் பின்னால் வரும் ஒட்டுப் பசையையும் நம்பாதீர்கள், புதுப் பெயின்டோடு உரிந்து வரும். அலுமினியச் சட்டத்தில் ஒட்டி, சட்டத்தைச் சுவரில் திருகுங்கள். சூடும் இறங்கும்.

சாலிடர்சாமி
அம்மா சொன்னது நூத்துக்கு நூறு. இப்ப ஓம்காரன் சாருக்கு. நீங்க சொல்றபடி 470-ஐ கன்ட்ரோலர் பக்கம் வச்சா, அதுக்கப்புறம் 3 மீட்டர் கம்பி இருக்கு. முறுக்கின ஜோடிக் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 50 பிக்கோஃபாரட். மொத்தம் 150. 470-ஓட பெருக்கினா 70 நானோசெகண்ட். 10 சதவீதத்துலேர்ந்து 90-க்கு ஏற அதுக்கு 2.2 மடங்கு, 155 நானோசெகண்ட். பூஜ்ய பிட்டுக்கு சிக்னல் உயர்ந்து நிக்கிற நேரம் 400 நானோசெகண்ட், அதுல கூடக்குறைய அனுமதி வெறும் 150. அனுமதி முழுக்க உங்க ரெசிஸ்டரே தின்னுடுச்சு.

பட்டை முனையில வச்சா அதுக்கப்புறம் இருக்கிறது பிக்சல் நுழைவோட 15 பிக்கோஃபாரட் மட்டும்தான். 7 நானோசெகண்ட். விளிம்பு கூராவே நிக்கும். அதனாலதான் பட்டை முனை.

ஓம்காரன்
கணக்குச் சரி, முடிவு தவறு. 155 நானோசெகண்ட் வருவது 470 அதிகம் என்பதால். கம்பியின் இயல்புத் தடை, அதாவது ஓடும் அலைக்கு அது காட்டும் தடை, 100 ஓம் அளவு. சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தி அனுப்பும் 74ஏஹெச்சிடி125 போன்ற டிரைவர் சிப்பின் சொந்தத் தடையையும் சேர்த்துப் பார்த்தால் வெளியே 68 முதல் 82 ஓம் போதும். மூலத்தில் 75 வையுங்கள், விளிம்பும் கூர், எதிரொலியும் இல்லை.

சாலிடர்சாமி
ஓஹோ! காலையில "470 ஓம் சரி, இடம் தவறு"ன்னு எழுதினது யாரு? இப்ப மதிப்பும் மாறிடுச்சு. சாயங்காலத்துக்குள்ள இடமும் மாறிடும்னு நம்பிக்கை வந்துடுச்சு.

ஓம்காரன்
கேள்வி இடத்தைப் பற்றியது. மதிப்பைப் பற்றியது அல்ல. மூலத்தில்தான்.

முதல்பிக்சல்
ரெண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க. இஎஸ்பி32 விடுறது 3.3 வோல்ட். பட்டை 5 வோல்ட்ல ஓடும்போது 'உயர்' என்று ஏற்க 0.7 மடங்கு, அதாவது 3.5 வேணும். ரெசிஸ்டர் எங்க இருந்தாலும் இது பத்தாது. பல பட்டைகள் இதோடவும் ஓடிடும். வெயில் நாள்ல ஒண்ணு, மழை நாள்ல ஒண்ணுன்னு மினுக்கும். அப்புறம் ரெசிஸ்டர் மேல பழி போடுவாங்க. 74ஏஹெச்சிடி125-ஐ 5 வோல்ட்ல ஓட்டுங்க, அதுக்கு 2 வோல்ட் வந்தாலே 'உயர்'தான். 'டி' இல்லாத ஏஹெச்சி வேண்டாம், அதுவும் 3.5 கேக்கும்; 'டி' இருக்கிறதுதான் வேணும்.

சிப் கிடைக்கலைன்னா முதல் பிக்சலை மட்டும் தனியா வெட்டி, அதோட 5 வோல்ட் வழியில ஒரு 1என்4001 டையோடு. பிக்சலுக்கு 4.3 வோல்ட் கிடைக்கும், 0.7 மடங்கு 3.01. இஎஸ்பி32 தாண்டிடும். அந்தப் பிக்சல் விடுற 4.3 அடுத்ததுக்குப் போதும்.

ஒளிக்கீற்று
பாருங்கள், இதில் எங்குமே ரெசிஸ்டர் வரவில்லை. நான் சொன்னதும் அதுதான்.

முதல்பிக்சல்
நான் அப்படிச் சொல்லலை. என் வாயில உங்க வார்த்தையைத் திணிக்காதீங்க.

மூணாம்_கம்பி
1.5 சதுர மில்லிமீட்டர் போதுமா என்று கேட்டேன். 300 பிக்சல்.

ஓம்காரன்
போதாது. பிக்சலுக்கு முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் என்று எடுத்தால் 300-க்கு 18 ஆம்பியர். அதை இரண்டு வழியாகப் பிரித்து, பட்டையின் இரு முனையிலும் கொடுத்தால் வழிக்கு 9. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு மீட்டருக்கு 11.5 மில்லி ஓம். போக 5, வர 5, மொத்தம் 10 மீட்டர்: 0.115 ஓம். 9 ஆம்பியரில் 1 வோல்ட்டுக்கு மேல் கம்பியிலேயே போய்விடும். பட்டைக்கு 4 வோல்ட்கூட மிஞ்சாது. முதலில் நீலமும் பச்சையும் மங்கும், வெள்ளை ஆரஞ்சாகத் தெரியும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.4 வோல்ட். இல்லையென்றால் சப்ளையைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள், அதுதான் மேல். வழிக்கு ஒரு ஃப்யூஸ். கன்ட்ரோலரில் டபிள்யூஎல்இடி மென்பொருள் போட்டிருந்தால் அதில் மின்னோட்ட வரம்பு வைக்கலாம். சப்ளையின் அளவைவிடக் குறைத்து வையுங்கள்.

கிரவுண்டை முதலில் இணையுங்கள், பிறகு 5 வோல்ட், கடைசியில் டேட்டா. கழற்றும்போது தலைகீழாக. பட்டைக்கு மின்சாரம் இல்லாமல் டேட்டா மட்டும் வந்தால் முதல் பிக்சலின் பாதுகாப்பு டையோடு வழியாக மின்னோட்டம் பாய்ந்து அது வெந்துவிடும்.

இந்த டையோடு விஷயத்தில்கூட ரெசிஸ்டர் எந்த முனையில் இருந்தாலும் ஒரே தொடர்தான், ஒரே மின்னோட்டம்தான். சாமியின் "பட்டை முனையில் இருந்தால்தான் பாதுகாப்பு" என்பது அங்கேயும் நிற்காது.

சாலிடர்சாமி
நிற்கும். 5-லேர்ந்து டையோடுக்கு 0.7 கழிச்சு 470-ஆல வகுத்தா 9 மில்லி ஆம்பியர். பிக்சல் பொறுத்துக்கும். உங்க 75-ஆல வகுத்துப் பாருங்க: 57. டிரைவர் கொடுக்கிற வரைக்கும் கொடுத்து பிக்சலை வேகவைக்கும். எதிரொலிக்கு 75, பாதுகாப்புக்கு 470. ஒரே ரெசிஸ்டர்னா எதைக் காப்பாத்துவீங்க?

அலைக்காட்டியில பட்டை நுழைவைப் பாருங்க சார். பட்டை முனையில 470 வச்ச படத்தை மேல போட்டிருக்கேன். குதிப்பே இல்லை.

ஓம்காரன்
அந்தப் படத்தைப் பார்த்தேன். புரோபின் கிரவுண்டுக்கு 15 சென்டிமீட்டர் முதலைக் கிளிப் வயர் மாட்டியிருக்கிறது. அந்த வயரே ஒரு சுருள். அதுவே குதிப்பை உண்டாக்கும். குறுகிய ஸ்பிரிங் கிரவுண்டு போட்டு, 10 மடங்கு நிலையில், ரெசிஸ்டருக்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டும். ரெசிஸ்டருக்கு முன்னால் கம்பி முழுக்க அலை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். நீங்கள் பார்த்தது வடிகட்டிய பிறகு. மூலத்தில்தான்.

சாலிடர்சாமி
பிக்சல் பார்க்கிறதும் வடிகட்டின பிறகுதான் சார்! கம்பி ஆடினா ஆடட்டும், பிக்சலுக்கு என்ன? அதோட, அந்த வயர் குதிப்பை உண்டாக்கும்ங்கிறீங்க; அதை மாட்டியும் என் படத்துல குதிப்பு இல்லையே?

வண்ணப்புட்டி
எல்லாம் முடிந்ததும் அந்தக் கன்ட்ரோலர் பெட்டி மேல் என்ன அது, யாருடையது, யாரை அழைக்க வேண்டும் என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். 2007 ஜனவரி 31 அன்று பாஸ்டனில் விளம்பரத்துக்காக மாட்டிய எல்.இ.டி. பலகைகளைக் குண்டு என்று நினைத்துச் சாலையையும் பாலத்தையும் மூடினார்கள். கம்பி தொங்கும் பெட்டியைப் பார்ப்பவருக்கு 470-ஆ 75-ஆ என்று தெரியாது.

தமிழ்மின்னி
பலகை சரி. ஆனால் "கன்ட்ரோலர்" என்பதற்குக் கட்டுப்படுத்தி என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

மூணாம்_கம்பி
சப்ளையை நகர்த்திக்கொள்கிறேன். ரெசிஸ்டர் எந்த முனையில் வைக்கட்டும்?

சாலிடர்சாமி
பட்டை முனையில, தம்பி. 470.

ஓம்காரன்
கன்ட்ரோலர் முனையில். 75.