வெளிநாட்டில் ரக்பி கிளப்பில் சேரலாமா? 34 வயதில், குடிப்பழக்கம் இல்லாமல்?

வெளியூர்க்காரன்:

வணக்கம் நண்பர்களே. வேலைக்காக நாடு மாறி வந்து எட்டு மாதம் ஆகிறது. வெள்ளி மாலை அலுவலகத்திலிருந்து கிளம்பினால் திங்கள் காலை வரை நான் நேரில் யாரோடும் பேசுவதில்லை. வீட்டாரோடு போனில் பேசுவதோடு சரி. போன திங்கள்கிழமை அலுவலகத்தில் வணக்கம் சொல்ல வாயைத் திறந்தேன், தொண்டை கட்டிக்கொண்டு குரலே வரவில்லை. இதை இப்படியே விடக் கூடாது என்று அப்போதுதான் தோன்றியது.

கூட வேலை செய்பவர் ஒருவர் இங்கே ஒரு ரக்பி கிளப்பில் ஆடுகிறார். பெரும்பாலும் என்னைப் போல வெவ்வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள்தான், யாருக்கும் சம்பளம் கிடையாது, சந்தா கட்டி ஆடுகிறார்கள். செவ்வாயும் வியாழனும் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். "ஒரு நாள் வந்து பாரேன்" என்று மூன்று வாரமாகக் கூப்பிடுகிறார்.

எனக்கு வயது 34. பள்ளியில் கபடி ஆடியதோடு சரி, ரக்பியை டிவியில்கூட முழுசாகப் பார்த்ததில்லை. அதைவிடப் பெரிய தயக்கம், அவர் காட்டிய படங்களில் பாதி ஆட்டத்துக்குப் பிறகு எடுத்தவை, எல்லார் கையிலும் மதுக்கோப்பை. நான் குடிப்பதில்லை. அங்கே போய் ஓரமாக நிற்பதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாமோ என்று நினைக்கிறேன். வீட்டில் சொன்னால் "எலும்பு முறிஞ்சா அங்க யார் பார்த்துக்கறது" என்கிறார்கள், அதுவும் நியாயமான கேள்விதான். இப்படிப்பட்ட கிளப்பில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

முன்வரிசை:

போங்க. யோசிக்கவே வேண்டாம்.

நான் 31 வயதில் ஆரம்பித்தவன். பதினோரு வருடமாக, மூன்று நாடுகளில், இப்படிப்பட்ட கிளப்களில்தான் ஆடிக்கொண்டிருக்கிறேன். பந்துக்காக இரு அணியினரும் வரிசையாகக் கோத்து நின்று ஒருவரையொருவர் தள்ளுவதை ஸ்க்ரம் என்பார்கள். நான் ப்ராப், அதாவது அந்த ஸ்க்ரம்மில் முதல் வரிசை ஓரத்தில் தோள்கொடுத்துத் தள்ளும் ஆள்.

இந்த மாதிரி கிளப்புக்கு எப்போதும் ஆள் பஞ்சம் என்பதை முதலில் மனதில் வையுங்கள். களத்தில் 15 பேர், மாற்று ஆட்களையும் சேர்த்தால் இருபதைத் தாண்டும். ஒருவருக்கு ஒப்பந்தம் முடிந்திருக்கும், ஒருவருக்கு மாற்றல் வந்திருக்கும், ஒருவருக்குக் குழந்தை பிறந்திருக்கும், ஒருவர் கணுக்கால் சுளுக்கிக் கிடப்பார். முதல் வரிசை மூவரும் அதற்கென்று பழகியவர்களாக இருந்தே தீர வேண்டும், இல்லையென்றால் தள்ளாமல் சும்மா கோத்து நின்றுதான் ஸ்க்ரம் போட ரெஃபரி விடுவார். அதனால் புதிதாக ஒருவர் மைதானத்தில் வந்து நின்றால், இவருக்கு ஆடத் தெரியுமா என்று யாரும் பார்ப்பதில்லை, அடுத்த வாரமும் வருவாரா என்றுதான் பார்ப்பார்கள். வெளிநாட்டில் நம்மைச் சிரித்த முகத்தோடு வரவேற்கும் இடங்கள் எத்தனையோ உண்டு. நாம் வரவில்லை என்றால் போன் போட்டு "எங்கே போய்ட்ட" என்று கேட்கிற இடம் எத்தனை இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். எனக்கு அந்த ஒரு இடம் கிளப்தான்.

உடம்பைப் பற்றியும் கவலை வேண்டாம், பருமனானவருக்கும் ஒல்லியானவருக்கும் இதில் இடம் இருக்கிறது. நெட்டையானவரை லைன்அவுட்டில், அதாவது வெளியே போன பந்தை உள்ளே எறியும்போது அதைப் பிடிக்க, இரண்டு பேர் தொடையைப் பிடித்து மேலே தூக்கிவிடுவார்கள், ஓடத் தெரிந்தவர் விங்குக்கு, அதாவது களத்தின் ஓரத்துக்குப் போய்விடுவார். முதல் நாளே யாரும் உங்களை மோதவிட மாட்டார்கள். முட்டி போட்டு எதிரெதிரே உட்காரவைத்து, தலையை ஓட்டக்காரரின் முன்னால் கொண்டுபோகாமல் கன்னத்தை அவர் பின்பக்கத்தோடு ஒட்டிவைத்து, இரண்டு கைகளாலும் தொடையைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கச் சொல்லித்தருவார்கள். அதையே பத்து, இருபது தடவை, அப்புறம் நின்றுகொண்டு, அப்புறம் நடந்தபடி. கபடியில் காலைப் பிடித்துப் பழகியவருக்கு பயம் சீக்கிரம் போகும், ஆனால் தலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் புதிதாகப் பழகியே ஆக வேண்டும்.

குடி விஷயம். நானும் குடிப்பதில்லை. ஆட்டம் முடிந்ததும் ஒரு அணி இரண்டு வரிசையாக நின்று நடுவில் வழிவிட்டுக் கைதட்டும், மற்ற அணி அதன் வழியே போகும், அப்புறம் மாறி நிற்பார்கள். பதினைந்து நிமிடம் முன்பு என் விலாவில் முழங்கையால் இடித்த ஆளும் அந்த வரிசையில் நின்று கை தட்டிக்கொண்டிருப்பார். பிறகு வந்த அணிக்குச் சாப்பாடு போடுவது கூப்பிட்ட அணியின் கடமை. பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு மூன்றாவது பாதி என்றே பேர் வைத்திருக்கிறார்கள். அங்கே மது உண்டு, சில கிளப்களில் நிறையவே உண்டு, மறைப்பதற்கில்லை. ஆனால் நான் பதினோரு வருடமும் தண்ணீரும் ஜூஸும் கையில் வைத்துக்கொண்டு எல்லாப் பாட்டும் பாடியிருக்கிறேன். முதல் நாளே கேப்டனிடம் "நான் குடிக்க மாட்டேன்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகும் வற்புறுத்துகிற கிளப் என்றால் அங்கே இருக்க வேண்டாம், வேறு கிளப் பாருங்கள்.

விலகிவந்தவன்:

கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் நாலு வருடம் அப்படி ஒரு கிளப்பில் இருந்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தேன். வாரத்தில் மூன்று நாள் அங்கே, மிச்ச நாளும் அதே ஆட்களோடு சினிமா, பயணம், பிறந்தநாள். நாலு வருடம் முடிந்தபோது அந்த நாட்டு மொழியில் எனக்கு பஸ் டிக்கெட் கேட்கத் தெரியும், அவ்வளவுதான். எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. பக்கத்து நகரத்தில் அந்த நாட்டுக்காரர்களே நடத்தும் அணி ஒன்று உண்டு, அவர்களோடு ஆடி முடித்து ஒரே மேஜையில் சாப்பிட உட்காருவோம். அவர்கள் அவர்களுக்குள் பேசுவார்கள், நாங்கள் எங்களுக்குள் பேசுவோம். எதிரே உட்கார்ந்திருந்த பையன் ஒருமுறை என் வீங்கிய விரலைப் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து டேப் எடுத்து அவனே சுற்றிவிட்டான். நன்றி என்பதைத் தவிர அவனிடம் சொல்ல எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. அன்று வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

இன்னொன்று, போகிறவர்கள். யாராவது நாட்டை விட்டுக் கிளம்பினால் ஒரு ஜெர்சியில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். முதல் வருடம் மட்டும் ஒன்பது ஜெர்சி. உயிர் நண்பன் என்று நினைத்த ஒருவனுக்கு எழுதும்போதுதான் அவனுடைய முழுப் பெயர் எனக்குத் தெரியாது என்பது உறைத்தது, நாலு வருடமும் பட்டப்பெயரிலேயே கூப்பிட்டிருக்கிறேன். நீங்கள் தனிமைக்கு மருந்தாக இதைத் தேடுவதால் சொல்கிறேன். சேருங்கள், ஆனால் அந்த ஊர்க்காரர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

முன்வரிசை:

இவர் சொல்வது சரி, மறுக்க மாட்டேன். நான் பார்த்த மூன்று கிளப்களில் ஒன்று அப்படித்தான் இருந்தது, கடைசியில் ஆள் இல்லாமல் மூடிவிட்டார்கள்.

நேர்மாறாகவும் நடக்கும். துபாய் எக்ஸைல்ஸ் 1969இல் தொடங்கிய கிளப், பேரே நாடு விட்டு வந்தவர்கள் என்றுதான். புல் இல்லாத மணல் தரையில்தான் ஆடினார்கள், விழுந்தால் முழங்கால் தோல் உரியும். 1970இல் அங்கே தொடங்கிய செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி) போட்டிக்கு இன்று உலகத்தின் பெரிய அணிகளெல்லாம் வருகின்றன. அப்புறம் ஒரு நாட்டில் தொடர்ந்து 60 மாதம் வசித்தால், வேறு நாட்டு அணிக்கு ஆடியிராதவர் அந்த நாட்டு அணிக்கே ஆடலாம் என்று ரக்பி விதி இருக்கிறது. முன்பு 36 மாதமாக இருந்தது. பிழைக்க வந்த இடத்தின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு சர்வதேச ஆட்டத்தில் நிற்பவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தேசியகீதம் பாடும்போது ஒரு வார்த்தை தப்பாமல் பாட வேண்டும் என்று வாரக்கணக்கில் மனப்பாடம் செய்தார் ஒருவர்.

கணக்குப்புத்தகம்:

நான் எங்கள் கிளப்பின் பொருளாளர், என் கணவர் ஆடுகிறார். நான் வியாழன்தோறும் டச் ரக்பி மட்டும் ஆடுவேன். உங்களுக்கும் அதைத்தான் முதலில் சொல்வேன் தம்பி. பக்கத்துக்கு ஆறு பேர், ஆண் பெண் சேர்ந்தே ஆடலாம், மோதல் இல்லை, கையால் தொட்டால் போதும். ஆறு முறை தொடப்பட்டால் பந்து எதிரணிக்கு. ஓட்டம், பாஸ், இடம் பார்த்து நிற்பது எல்லாம் இதிலேயே பழகிவிடும், எலும்புக்கும் ஆபத்து குறைவு. இரண்டு மாதம் ஆடிப் பாருங்கள், மோதி ஆட வேண்டுமா என்று பிறகு முடிவு செய்யலாம். டச் மட்டுமே பல வருடம் ஆடுபவர்கள் எங்கள் கிளப்பில் நிறைய பேர், அவர்களும் முழு உறுப்பினர்கள்தான்.

உங்கள் வீட்டார் கேட்ட கேள்விக்கு வருகிறேன், அதை லேசாக விட்டுவிடாதீர்கள். அலுவலகம் தரும் மருத்துவ இன்ஷூரன்ஸ் தாளை எடுத்து, விலக்குகள் என்று போட்டிருக்கும் பகுதியைப் படியுங்கள். மோதி ஆடும் விளையாட்டில் பட்ட காயத்துக்குப் பணம் தர மாட்டோம் என்று பல பாலிசிகளில் இருக்கும். எங்கள் ஆள் ஒருவருக்குத் தோள் மூட்டு நழுவி அறுவை சிகிச்சை வரை போனது, இன்ஷூரன்ஸ் நிறுவனம் இந்த ஒரு வரியைக் காட்டிக் கையை விரித்துவிட்டது. கிளப் முழுக்கப் பணம் திரட்டிக் கட்டினோம். அதன் பிறகுதான் கிளப் சார்பில் தனிப் பாலிசி எடுத்தோம், சந்தாவில் பெரும்பகுதி இப்போது அதற்கே போகிறது, எனக்கு அதில் ஒரு துளி வருத்தமும் இல்லை. உங்கள் கிளப்பிலும் உண்டா என்று முதல் நாளே கேளுங்கள். மழுப்பினால் மோதி ஆடாதீர்கள்.

மவுத்கார்டு நீங்களே வாங்குங்கள், வெந்நீரில் போட்டு எடுத்துக் கடித்துப் பல்லின் அச்சுக்குப் பொருத்திக்கொள்ளும் வகை போதும். தலையில் அடிபட்டு மூளையதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே உடனே வெளியே வந்துவிட வேண்டும், அன்று மறுபடி களத்தில் இறங்கக் கூடாது. உலக ரக்பி அமைப்பின் வழிகாட்டுதல்படி நம்மைப் போன்றவர்கள் 21 நாளுக்கு முன் போட்டிக்குத் திரும்பவே கூடாது. "ஆள் குறையுது, சமாளிச்சு ஆடு" என்று யாராவது சொன்னால் அன்றே அந்த கிளப்பை விட்டு வந்துவிடுங்கள்.

சனிக்கிழமை இரவு என் வீட்டு வாசலில் ஒரு பை வந்து உட்காரும். உள்ளே பதினைந்து ஈர ஜெர்சி. ஒவ்வொன்றாக எடுத்து உதறி, சேற்றை அலசி, உள்பக்கம் வெளியே திருப்பித் துவைக்கப் போடுவேன். 2ஆம் எண் ஜெர்சியின் காலரில் எப்போதும் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும், ஸ்க்ரம்மின் முதல் வரிசை நடுவில் நிற்கும் ஹூக்கர் காது மடங்காமல் இருக்கத் தலையைச் சுற்றி ஒட்டுவது அது. நகத்தால் பிய்த்தெடுக்க வேண்டும். மூன்று ஹூக்கர்கள் மாறிவிட்டார்கள், டேப் மட்டும் ஒட்டிக்கொண்டேதான் இருக்கிறது. யார் ஊரை விட்டுப் போனாலும் இந்தப் பையை வாங்கிக்கொள்ள ஒருவர் இருந்துவிட்டால் கிளப் நடந்துவிடும் என்பது என் அனுபவம்.

பழைய ஸ்கோர்போர்டு:

மேலே இருக்கும் பேச்சையெல்லாம் படித்ததும் கல்கத்தா கிளப்தான் நினைவுக்கு வந்தது.

1872 கிறிஸ்துமஸ் நாளில் கல்கத்தாவில் அங்கே வேலைக்கு வந்திருந்தவர்கள் ஒரு ஆட்டம் ஆடினார்கள். பக்கத்துக்கு 20 பேர், ஒருபக்கம் இங்கிலாந்துக்காரர்கள், மறுபக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆட்கள். அந்த உற்சாகத்தில் 1873 ஜனவரியில் கல்கத்தா ஃபுட்பால் கிளப் உருவானது. முதல் வருடத்தில் மது இலவசம், கூட்டம் அள்ளியது. இலவசம் நின்றதும் ஆள் குறைந்ததாகச் சொல்வார்கள். ஆடிக்கொண்டிருந்த ராணுவப் படைப்பிரிவு 1876இல் இடம் மாறிப் போனது, மிச்சம் இருந்தவர்கள் டென்னிஸ், போலோ என்று திரும்பிவிட்டார்கள். ஐந்தே வருடத்தில் கிளப் முடிந்தது.

எனக்குப் பிடித்தது அவர்கள் முடித்த விதம். வங்கியில் இருந்த பணத்தை 270 வெள்ளி ரூபாயாக எடுத்து, உருக்கி, மூன்று பாம்பு கைப்பிடியும் மூடியில் யானையும் வைத்து ஒரு கோப்பை செய்து இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அதுதான் கல்கத்தா கோப்பை. 1879இலிருந்து இன்றுவரை இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதற்காகத்தான் மோதுகின்றன.

அதே காலத்தில் லண்டனுக்குப் பிழைக்கப் போன ஸ்காட்லாந்துக்காரர்கள் 1878இல் லண்டன் ஸ்காட்டிஷ் தொடங்கினார்கள், 1885இல் லண்டன் வெல்ஷ், 1898இல் லண்டன் ஐரிஷ். லண்டன் வெல்ஷ் தொழில்முறை அணியாக இருந்து கடனில் மூழ்கியபோதும் அமெச்சூர் கிளப்பாக அடிமட்டத்திலிருந்து மறுபடி ஆட ஆரம்பித்தது, பணம் போனாலும் ஆட்கள் போகவில்லை. நண்பரே, நீங்கள் போகும்போது பாருங்கள், மழை பெய்யும் செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று. சனிக்கிழமை இரவுக் கூட்டத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

வெளியூர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று செவ்வாய், போனேன். தூறல்தான், ஆனாலும் எண்ணிப் பார்த்தேன், என்னோடு சேர்த்து 18 பேர். இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்டதும் செயலாளர் பாலிசியை அப்போதே போனில் அனுப்பிவிட்டார். அக்கா, படித்துவிட்டேன், மோதல் காயமும் அதில் உண்டு. இந்த நாட்டுக்காரர்கள் நாலு பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவர் கேப்டன். குடிக்க மாட்டேன் என்று அவரிடம் சொன்னேன், "சரி, அப்போ திரும்பி வரும்போது வண்டி ஓட்டுவியா" என்று கேட்டார், ஓட்டுவேன் என்றேன். அவருடைய மொழியில் பந்து, பாஸ், இடது, வலது நான்கும் கற்றுக்கொண்டேன், ஆட்டத்தில் கத்துவதற்கு இப்போதைக்கு இது போதுமாம்.

வியாழன் டச் ஆடப்போகிறேன். சனிக்கிழமை ஆட்டத்துக்குக் காலை எட்டரைக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள், கோல் கம்பங்களுக்குப் பஞ்சு உறை கட்டும் வேலை என்னுடையது. குழுவில் போட்ட பட்டியலில் என் பெயருக்கு நேரே "தண்ணீர், உறை, வண்டி" என்று எழுதியிருக்கிறது. முட்டி போட்டுப் பழகியதில் இரண்டு தொடையும் வலிக்கிறது, படி இறங்க முடியவில்லை. வலிக்குச் சூடு வைப்பதா, ஐஸ் வைப்பதா?