கடற்கரையில் தொடங்கும் அந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு வாசிக்கலாமா?

வாவிக்கரை:
எங்கட ஊர் நூலகத்தில் சனிக்கிழமைகளில் தரம் 6, 7 பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன். புத்தகம் ஆங்கிலம், சொல்வது தமிழ். இந்த முறை லெமனி ஸ்னிக்கெட் எழுதிய 'த பேட் பிகினிங்'கை எடுத்தேன். 1999இல் வந்தது, 13 புத்தகத் தொடரில் முதலாவது. வயலட், கிளவுஸ், கைக்குழந்தை சன்னி மூவரும் கடற்கரையில் நிற்கும்போது, வீடு எரிந்து தாய் தகப்பன் போய்விட்டார்கள் என்று ஒரு வங்கிக்காரர் வந்து சொல்கிறார். பிறகு சொத்துக்கு அலையும் கவுண்ட் ஓலாஃப் என்ற தூரத்து உறவுக்காரனிடம் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் அத்தியாயம் முடிந்ததும் ஒரு தாய் வந்து, "இதை வாசிக்காதீங்க டீச்சர்" என்றார். நிறுத்தவா?

கல்லடியான்:
நிறுத்துங்க. கடற்கரை, பிள்ளைகள், தாய் தகப்பன் செத்த செய்தி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பு நாவலடிப் பக்கம் போய்ப் பார்த்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வேறு கதையே கிடைக்கவில்லையா?

படுவான்கரை:
அண்ணே, அதைக் கண்டது நீங்களும் நானும். இப்ப தரம் 6 படிக்கிற பிள்ளை பிறந்ததே சுனாமிக்குப் பல வருசம் கழித்துத்தான். நடுங்குவது நாம்தான்.

அதோடு அந்த மூன்று பேரும் அழுதுகொண்டே இருப்பதில்லை. வயலட் தலைமயிரை ரிப்பனால் கட்டினால் ஏதோ கருவி செய்யப் போகிறாள் என்று அர்த்தம். கோபுரத்தில் தொங்கும் கூண்டுக்குள் தங்கச்சி அடைபட்டதும் கம்பியையும் துணியையும் வைத்துக் கொக்கிக் கயிறு செய்து ஏறுகிறாள். கிளவுஸ் இரவு முழுக்கச் சட்டப் புத்தகம் படித்து ஓலாஃபின் திட்டத்தைக் கண்டுபிடிக்கிறான்: நாடகம் என்ற சாட்டில் உண்மையான நீதிபதியை வைத்து வயலட்டைக் கல்யாணம் கட்டிச் சொத்தைப் பிடிப்பது. சீதன வீடு யார் பெயரில் என்று சின்னதிலேயே தெரிந்த நம்மட பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும். கடைசியில் வலது கைக்காரியான வயலட் இடது கையால் கையெழுத்து வைத்து...

அம்பாறை ரோட்டு:
முடிவைச் சொல்லிப்போட்டீங்களே மச்சான்! நான் இன்னும் வாசிக்கவில்லை.

கல்லடியான்:
தம்பி, கெட்டித்தனம் இருக்கிறது, சரி. ஆனால் 14 வயதுப் பெட்டையைக் கல்யாணம் கட்டப் பார்க்கும் மனிசன், அவன் செய்யும் கொடுமையைப் பிள்ளைகள் போய்ச் சொல்லியும் காதில் போடாத வங்கிக்காரர். பெரியவர்களிடம் சொல்லி வேலையில்லை என்றுதானே பிள்ளை விளங்கிக்கொள்ளும்? அது எனக்குக் கடற்கரையை விடப் பயமாக இருக்கிறது.

படுவான்கரை:
நியாயம். ஆனால் பெரியவர்கள் காது கொடுக்காத வீடுகள் நம்மட ஊரிலும் இருக்கிறதே. அந்தப் பிள்ளை கதையிலாவது "ஓம், இப்படியும் நடக்கும்" என்று கேட்கட்டும்.

அம்பாறை ரோட்டு:
எனக்கு வேறு குறை. தாய் தகப்பன் போனால் பிள்ளைகளை வங்கிக்காரர் கொண்டுபோய் முன்பின் தெரியாதவனிடம் விடுவாராம். நம்மட பக்கம் தாய்வழிக் குடி. பெரியம்மா, சின்னம்மா, மாமா என்று ஒரு வளவே நிற்கும். நம்பவே முடியவில்லை.

கல்லடியான்:
அப்படியென்றால் இங்கே சிறுவர் இல்லங்கள் ஏன் மச்சான் வந்தது? யுத்த காலத்தில் வளவோடு போன குடும்பங்களும் உண்டு. இதில் நான் புத்தகத்தின் பக்கம்.

படுவான்கரை:
பாருங்க, அண்ணன் கட்சி மாறுகிறார்.

கல்லடியான்:
மாறவில்லை. கதை பொய் என்று நான் சொல்லவில்லை. பதினொரு வயதுக்கு வேண்டாம் என்கிறேன். தரம் 9க்கு வாசிக்கட்டும்.

வாவிக்கரை:
இன்றைக்கு இரண்டாம், மூன்றாம் அத்தியாயங்களை வாசித்தேன். அந்தத் தாய் மகளை அனுப்பவில்லை. மற்றப் பதினொரு பேரும் வந்தார்கள். ஓலாஃப் மூன்று பேருக்கும் ஒரே கட்டில் கொடுத்த இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள், ஏனென்றால் அவர்களும் பாயில் அப்படித்தான் படுக்கிறார்கள். பிறகு ஒரு பெட்டை கை உயர்த்திக் கேட்டாள்:

"டீச்சர், அவங்கட அம்மம்மா எங்க?"

புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.